மாடித்தோட்டம் பேசலாம்: கீரை வளராமல் நிற்கிறதா? உரத்தைத் தொடும் முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்!

ஆடியில் விதைத்தவர்களிடமிருந்து ஆவணியில் தவறாமல் வரும் கேள்வி இது. `நல்லாத்தான் முளைச்சுது. மூணு நாலு இலை விட்டுச்சு. அப்புறம் அப்படியே நிக்குது. என்ன உரம் போடலாம்?' சிறுகீரை, பாலக், கொத்தமல்லி என்று கீரையின் பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை.

இந்த வாரம் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். தொட்டியில் கீரை நின்றுபோக ஏழெட்டு காரணங்கள் உண்டு. பசி அதில் ஒன்று மட்டும்தான். மற்ற காரணங்களுக்கு உரம் மருந்தாகாது. வேர் அழுகிக்கிடக்கும் செடிக்கும், உப்பில் தவிக்கும் செடிக்கும் உரம் போட்டால் இருக்கிற உயிரும் போய்விடும்.

வெயில் போதாத இடத்தில் உரத்தைக் கூட்டுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேர் உறிஞ்சும் தழைச்சத்தின் பெரும்பகுதி நைட்ரேட் வடிவில் இலைக்குப் போகிறது. அதைப் புரதமாக மாற்ற வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் நைட்ரேட் இலையிலேயே தேங்கிவிடும். கீரைகளுக்கு இயல்பிலேயே நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும் குணம் அதிகம். அளவு மீறினால் இது கைக்குழந்தைகளுக்கு ஆகாது. 'மருந்தடிக்காத கீரையை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும்' என்றுதானே தொட்டி வாங்கினோம்? அதனால், உர பாக்கெட்டைப் பிரிக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவோம்.

நிற்கிறதா, மெதுவாக நடக்கிறதா?

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. விதைத்து 10, 12 நாள் வரை கீரை வளராத மாதிரி தெரிவது இயல்பு. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை விதைகள் கடுகைவிடச் சின்னவை. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அவ்வளவு சின்ன விதைக்குள் சேமிப்பு உணவு கொஞ்சம்தான். விதையிலை இரண்டும் விரிந்ததும் செடி முதலில் வேரைத்தான் கவனிக்கும். மேலே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்; கீழே வேலை நடந்துகொண்டிருக்கும். 15-ம் நாளுக்குப் பிறகுதான் இலை கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் பெருகும்.

ஒவ்வொரு கீரைக்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் வெந்தயக்கீரை 20-25 நாள்களில் தட்டுக்கு வரும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25-30 நாள்கள். அரைக்கீரையின் முதல் அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள்கள். பாலக் 35-40 நாள்கள். கொத்தமல்லி 40 நாள்களை ஒட்டி. தண்டுக்கீரைக்குத் தண்டு திரள வேண்டும் என்பதால் 40-50 நாள்கள். கொத்தமல்லி முளைக்கவே 8 நாளிலிருந்து இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அதைப் பக்கத்துத் தொட்டியில் மூன்றாம் நாளே முளைத்த வெந்தயத்தோடு ஒப்பிட்டால் 'நின்றுவிட்டது' என்றுதான் தோன்றும்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று இருக்கிறது. தொட்டியில் நடுத்தரமான ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஐஸ்க்ரீம் குச்சி ஒன்றைச் செருகுங்கள். செடியின் உயரத்தைக் குச்சியில் பேனாவால் கோடு போடுங்கள், இலைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். 15 நாள் தாண்டிய செடி ஆறு நாளில் ஓர் இலைகூடப் புதிதாக விடவில்லை என்றால், நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிறுகீரையும் முளைக்கீரையும் வேரோடு பிடுங்கிச் சமைக்கும் வகைகள். அவற்றைப் பாதியில் அறுத்துவிட்டு 'மறுபடி தழையலையே' என்று காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை. திரும்பத் திரும்ப எடுக்க அரைக்கீரை, பாலக், பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவை ஏற்றவை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 ரகக் கீரையும் கிள்ளக் கிள்ளத் தழையும் வகைதான். இவற்றிலும் அடியில் இரண்டு அங்குலமாவது விட்டு, கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும். மண்ணோடு ஒட்ட அறுத்தால் துளிர்க்கக் கணு இருக்காது.

ஒரு செடியைப் பிடுங்குங்கள்

நின்றுவிட்டது உறுதி என்றால், தயங்காமல் ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கள். இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். பழைய ஸ்பூன் ஒன்றால் சுற்றிலும் மண்ணை நெம்பி, மண்கட்டியோடு தூக்குங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்கி மெதுவாக அலசுங்கள். இப்போது வேரைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கேள்விக்கான பதில் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

பழுப்பு நிறம், வழவழப்பு, கெட்ட வாடை: தண்ணீர் அதிகம். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால் செடி வாடும். அது வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். தொட்டிக் கீரை சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் மேலே தேங்காமல் உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடித் துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் இரண்டு செங்கல் மேல் தூக்கிவையுங்கள். தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். அதன் பிறகு கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல், விரலைப் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். மீதியிருக்கும் செடிகளைக் காப்பாற்ற, மண் சற்று உலர்ந்ததும் டிரைக்கோடெர்மா விரிடியையோ சூடோமோனாஸையோ பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் கரைத்து ஊற்றலாம். மண் சொதசொதவென்று இருக்கும்போது எதை ஊற்றினாலும் வீண்.

வேரைச் சுற்றி மண் பொடிப்பொடியாக உலர்ந்திருக்கிறது: இது நேர் எதிர் பிரச்னை, ஆனால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மறுபடி தண்ணீரைச் சுலபத்தில் ஏற்காது. ஊற்றும் தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். 'தண்ணி கீழ வந்துடுச்சு, போதும்' என்று நிறுத்துவோம். நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அரை மணி நேரம் உட்காரவையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறி மேல்மண் நனைந்ததும் எடுத்துவிடலாம். பை பெரிதாக இருந்தால் பூவாளியால் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

வேர் குட்டை, நுனிகள் கருகியிருக்கின்றன: உப்பு. தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா, இலையின் ஓரம் காய்ந்து பழுப்பாகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உப்பு மூன்று வழிகளில் வரும். ஒன்று, போர்வெல் தண்ணீர். பாசனத் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் பயிருக்குத் தொல்லை இல்லை என்பதும், 2,000-ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு என்பதும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்த வருபவர்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரிலேயே உங்கள் தண்ணீரை அளந்துவிடலாம். அந்த இயந்திரம் வெளியேற்றும் ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், கீரைத்தொட்டிக்கு வேண்டாம்.

இரண்டு, கழுவாத தேங்காய் நார்க்கழிவு. கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டால் அதிலிருக்கும் உப்பு மொத்தமும் தொட்டிக்குள் போய்விடும். டீ டிகாஷன்போல் வரும் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். மூன்றாவது வழி நாமேதான். வளரவில்லை என்று வாரம் இரண்டு முறை போட்ட உரமெல்லாம் கரைந்தால் உப்புதான்.

மூன்றுக்கும் தீர்வு ஒன்றே. உரத்தை நிறுத்துங்கள். உப்பு குறைந்த தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வெளியேற விடுங்கள். 10 லிட்டர் தொட்டி என்றால் 20 லிட்டர். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. தொடர்ந்து பெய்யும் நல்ல மழையில் திறந்தவெளியில் நிற்கும் தொட்டியிலிருந்து உப்பு மெல்ல மெல்லக் கழுவப்பட்டுவிடும்.

வேர் மேல்மண்ணிலேயே படுத்துக் கிடக்கிறது, கீழே இறங்கவில்லை: கீழே போக வழியில்லை, அல்லது பிடிக்கவில்லை. வெறும் செம்மண் நிரப்பிய தொட்டி நாலு வாரத்தில் செங்கல்போல் இறுகிவிடும். குச்சியை விட்டுப் பாருங்கள். இறங்கச் சிரமப்பட்டால் இதுதான் காரணம். வரிசைகளுக்கு இடையில் மெதுவாகக் கிளறி, மேலே அரை அங்குலம் மண்புழு உரம் பரப்புங்கள். அடுத்த விதைப்புக்குச் செம்மண், அலசிய நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்த்து, ஈரமாக்கி, பத்து நாள் ஆறப்போட்ட பிறகு விதையுங்கள்.

மண் பொலபொலப்பாக இருந்தும் வேர் இறங்கவில்லை என்றால் உள்ளே மக்காத எரு இருக்கலாம். அரைகுறையாக மக்கிய சாணம், நேரடியாகப் புதைத்த காய்கறிக் கழிவு, பால், சர்க்கரையோடு கொட்டிய டீத்தூள் எல்லாம் இந்த வகை. மக்கும் வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சம் இருக்காது. எரு மக்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் கவரில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண்வாசம் வந்தால் தயார். சூடாகவோ புளித்த நாற்றத்தோடோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம்: வேர்முடிச்சு நூற்புழு. பாலக்கையும் கொடிப்பசலையையும் இது பிடிக்கும். முந்தைய போகத்தில் அதே மண்ணில் தக்காளி, கத்திரி, வெண்டை இருந்திருந்தால் சந்தேகம் கூடும். ஆனால், அவசரப்பட வேண்டாம். பிடுங்கியது வெந்தயம் என்றால் அந்த முடிச்சு நல்ல முடிச்சாக இருக்கலாம். வெந்தயம் பயறு வகைக் குடும்பம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத்தரும் நுண்ணுயிர்கள் அதன் வேரில் குடியிருக்கும். நகத்தால் தள்ளினால் உருண்டையாக உதிர்ந்துவிட்டால் அது நண்பன். வேரே வீங்கியிருந்து, பிரிக்க முடியவில்லை என்றால் நூற்புழு. அந்தத் தொட்டியின் கீரையை எடுத்துச் சமைத்துவிட்டு, வேர்களை அகற்றுங்கள். மண்ணைக் கோடை வெயிலில் பரப்பிக் காயவிடுவது நல்லது. அடுத்த சுற்றில் வேப்பம்பிண்ணாக்கு கலந்து, துலுக்கச் சாமந்தி வைத்தால் புழுவின் எண்ணிக்கை குறையும்.

வேர் பின்னிப் பாய்போல் சுருண்டிருக்கிறது: இடம் போதவில்லை. நாலைந்து முறை வெட்டிய அரைக்கீரைத் தொட்டியிலும், கைக்கு அடக்கமான டப்பாவில் வைத்த தண்டுக்கீரையிலும் இதைப் பார்க்கலாம். கீரைக்கு 6 முதல் 8 அங்குல ஆழம் போதும். உயரமான குறுகிய தொட்டியைவிட, அகலமான ஆழம் குறைந்த பையில்தான் அதிகக் கீரை கிடைக்கும். தொட்டி நிறைந்துவிட்டால் வைத்தியம் பார்க்காதீர்கள். புது மண் கலவை, புது விதை!

வேர் வெள்ளையாக, பரவலாக இருக்கிறதா? மேலே பாருங்கள்

வேர் ஆரோக்கியமாக இருந்தால் பாதிப் பட்டியல் அடிபட்டுவிட்டது. இனி தரைக்கு மேலே தேடலாம்.

முதல் சந்தேகம் வெளிச்சம். தண்டு நூல்போல் நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலைகள் வெளிறிச் சின்னதாக இருந்தால் செடி வெயிலைத் தேடுகிறது. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சுள்ளென்ற வெயிலை விரும்புபவை. குறைந்தது 5 மணி நேர நேரடி வெயில் இல்லாமல் அவற்றிடம் நல்ல விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

பால்கனியில் வளர்ப்பவர்கள் இந்தப் பருவத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அதன் பிறகு அடுத்த ஏப்ரல் வரை தெற்கே சாய்ந்துவிடும். தெற்கே போகப் போக, கன்னியாகுமரி போன்ற ஊர்களில் இந்தத் தேதிகள் ஏறக்குறைய இரண்டு வாரம் மாறும். அதாவது, ஆனி, ஆடியில் வடக்குப் பார்த்த பால்கனிக்கு வந்துகொண்டிருந்த வெயில், ஆவணிக்குப் பிறகு மெல்ல மெல்ல வராமலே போய்விடும். 'போன தடவை இதே இடத்துல நல்லா வந்துச்சே' என்று குழம்புகிறவர்கள் பலருக்கு விடை இதுதான். தொட்டியும் மண்ணும் விதையும் மாறவில்லை; சூரியன் நகர்ந்துவிட்டது.

ஒருநாள் காலை 9 மணி, மதியம் 12, மாலை 3 மணிக்கு மூன்று முறை தொட்டியை எட்டிப்பாருங்கள். மூன்றில் இரண்டு முறையாவது வெயில் இலையில் விழ வேண்டும். விழவில்லை என்றால் தொட்டியை நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லை என்றால் கீரையை மாற்றுங்கள். புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவை குறைந்த வெயிலையும் பொறுத்துக்கொள்ளும். வெயில் போதாத தொட்டிக்கு உரம் கொடுப்பதைத்தான் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்த உரம் எங்கே போய்த் தேங்கும் என்று ஆரம்பத்திலேயே பார்த்தோம்.

இரண்டாவது, நெரிசல். தொட்டிக் கீரை நிற்க மிகச் சாதாரணமான காரணம் இதுவாகத்தான் இருக்கும். விதை சின்னது; இரண்டு விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகையிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையும் முளைத்துப் பச்சைக் கம்பளம்போல் நிற்கும்போது கலைக்க மனசு வராது. ஆனால் அவை எல்லாமே பட்டினி கிடக்கும். விதைத்த 10-15 நாளில் சிறுகீரைக்கு இரண்டு அங்குலம், தண்டுக்கீரைக்கு நாலைந்து அங்குலம் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். பக்கத்துச் செடியின் வேர் அசையாமலிருக்க, பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். நறுக்கியதைத் தூக்கிப்போட வேண்டாம், அன்றைய பருப்பில் போட்டுவிடலாம். அடுத்த முறை விதையோடு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவுங்கள், பரவலாக விழும். சில இடத்தில் கூட்டமாகவும் சில இடத்தில் மொட்டையாகவும் முளைத்திருந்தால் எறும்பின் வேலையாக இருக்கலாம். விதைத்த அன்று தொட்டி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் தூவினால் எறும்புகள் அதை இழுத்துப் போகும், விதை தப்பிக்கும்.

மூன்றாவது, பூ. அரை அடிகூட வளராத கீரை நுனியில் கதிர் விடுகிறது என்றால் அது தன் ஆயுள் முடிந்ததாக முடிவுசெய்துவிட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடும் சிறிய தொட்டியும் அதைத் துரிதப்படுத்தும். தண்டுக்கீரைக் குடும்பத்தில் பகல் நேரம் குறையும்போது சீக்கிரம் பூக்கும் வகைகள் நிறைய. ஐப்பசி முதல் தை வரை இதை எதிர்பார்க்கலாம். கொத்தமல்லிக்கு நேர்மாறு; வெயில் ஏறினால் பூத்துவிடும். பூவைக் கிள்ளிவிட்டால் பழையபடி இலை பெருகும் என்று நம்பாதீர்கள். இருப்பதைச் சமைத்துவிட்டு மறுபடி விதையுங்கள்.

நான்காவது, இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் அசுவினி மொய்த்திருந்தால் இலை சுருண்டு வளர்ச்சி நிற்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். வலை பின்னி இலையை மடித்து உள்ளே பச்சைப்புழு இருந்தால் கையால் எடுத்துவிடுவதே போதும். வெள்ளைக் கொப்புளம்போல் புள்ளிகள் இருந்தால் அது வெண்துரு நோய். அந்த இலைகளை அகற்றி, செடிகளுக்கிடையே காற்று போக வழிசெய்து, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

உண்மையிலேயே பசிதான் என்றால்...

வேர் நன்றாக இருக்கிறது, வெயில் விழுகிறது, இடைவெளி இருக்கிறது, பூச்சியும் இல்லை. அப்படியும் செடி நிற்கிறது. இப்போது தைரியமாக 'பசி' என்று சொல்லலாம். என்ன பசி என்பதை இலையே காட்டும்.

அடி இலைகள் முழுசாக, சீராக மஞ்சளாகி, நுனி இலைகள் வெளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. கீரைக்கு அதிகம் வருவது இதுதான். செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புது இலைக்குக் கொடுக்கிறது. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. அதே கோலம் நுனிக் கொழுந்தில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் இந்தக் கடைசி வகையில் மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பது அபூர்வம். கடினமான போர்வெல் நீராலோ, தேங்கிய ஈரத்தாலோ வேரால் அதை எடுக்க முடியாமல் போயிருக்கும். எனவே, மறுபடி தண்ணீர்ப் பிரச்னைக்கே திரும்பிப் போங்கள்.

தழைச்சத்துப் பசிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது கடலைப்பிண்ணாக்குக் கரைசல். ஒரு கைப்பிடி பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் எந்த உரக் கரைசலையும் ஊற்றக் கூடாது. பஞ்சகவ்யா இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவிகிதம் போதும். இரண்டில் ஒன்று, பத்து நாளுக்கு ஒருமுறை. கூடுதலாகக் கொடுத்தால் வேகமாக வளராது, கருகும்.

அரைக்கீரை, பாலக் போன்றவற்றுக்கு ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு பிடி மண்புழு உரம் கட்டாயம். வெட்டும் ஒவ்வொரு முறையும் தொட்டியிலிருந்து சத்தை வெளியே எடுக்கிறோம். அடித்துளை வழியாகவும் சத்து தினமும் கொஞ்சம் கரைந்து போகிறது. வயலில் வேர் தள்ளிப்போய்த் தேடும், தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. 'முதல் வெட்டு அமோகமா வந்துச்சு, மூணாவதுல நின்னுடுச்சு' என்பவர்கள் உரத்தைப் பற்றி யோசிப்பது நியாயமே.

பத்து நாள் திட்டம்

படித்ததையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். இடம் மாற்றி, மண் கிளறி, கரைசல் ஊற்றி, வேப்பெண்ணெயும் அடித்தால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது.

முதல் நாள்: குச்சி நட்டு அளவு எடுங்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். உரத்தை நிறுத்துங்கள்.

இரண்டாம் நாள்: வேர் சொன்ன ஒரு குறையை மட்டும் சரிசெய்யுங்கள். நெரிசல் இருந்தால் கலைத்துவிடுங்கள்.

மூன்று முதல் ஏழாம் நாள் வரை: விரல் வைத்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதீர்கள். இதுதான் மிகக் கடினம்!

எட்டாம் நாள்: நுனியில் புதுக்கொழுந்து தெரிகிறதா என்று பாருங்கள். பழைய இலை பச்சையாக மாறுமா என்று காத்திருக்க வேண்டாம்; மஞ்சளான இலை பெரும்பாலும் திரும்பாது. புதிதாக வரும் இலைதான் சாட்சி. கொழுந்து வந்திருந்தால் இப்போது ஒருமுறை கரைசல் கொடுக்கலாம்.

பத்தாம் நாள்: குச்சியில் கோடு ஏறியிருந்தால் வெற்றி. ஏறவில்லை என்றால் அந்தத் தொட்டியோடு போராடுவதை விட்டுவிடுங்கள்.

விட்டுவிடுவது தோல்வி இல்லை. கீரையின் பெரிய வசதியே அதன் சின்ன ஆயுள்தான். 35 நாள் கடந்தும் நாலு இலையோடு நிற்கும் சிறுகீரையைத் தேற்ற எடுக்கும் காலத்தில், புதிதாக விதைத்த சிறுகீரை சமையலுக்கே வந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் பழைய செடியைவிட அடுத்த விதைப்புதான் முக்கியம்.

அந்த அடுத்த விதைப்புக்கு நேரமும் சரியாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. அதற்குள் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, துளைகளைக் குத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்ற கணக்கில் விதைக்க ஆரம்பியுங்கள். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றிவிடும். மாற்றி மாற்றி விதைத்தால் ஒன்று நின்றாலும் இன்னொன்று கைகொடுக்கும், சாப்பாட்டுத் தட்டிலும் கீரை விட்டுப்போகாது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான். மாடிக்குப் போங்கள், நின்றுபோன தொட்டியில் ஒரு செடியை மண்ணோடு தூக்குங்கள், அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையா பழுப்பா, வாடை வந்ததா, குச்சியில் எத்தனை கோடு ஏறியது என்பதைக் கீரையின் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள். 'என்ன உரம் போடலாம்' என்ற கேள்வியைவிட, அந்த நாலு தகவல்கள் இருந்தால் பதில் சொல்வது எங்களுக்கு எளிது.

அடுத்த வாரம்: தொடர்மழையில் கொத்தமல்லித் தொட்டியைக் காப்பது எப்படி?